இரும்பு நீர்க்காகம்

பதினொன்றே கால். வெளியே சுள்ளென்று வெயில். வாசலில் வந்து நின்ற பெண்மணி குடையை மடக்காமலே உள்ளே வரப் பார்த்தார். கதவு நிலையில் கம்பி இடித்த பிறகுதான் கையில் குடை இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"இதை மட்டும் என் மகன் பாத்திருந்தான்னா, 'அதுக்குத்தாம்மா சொல்றேன்'பான்" என்றார், குடையை மடக்கிக்கொண்டே.

அண்ணி நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்கக்கா. எதுக்குச் சொல்றார்?"

"எனக்குப் புத்தி தடுமாறுதுன்னு."

அண்ணி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து வண்டிகளைப் பார்வையிடும் சர்வேயராக இருந்தவர். நசுங்கிய கதவைத் தடவிப் பார்த்து, இடி எந்தப் பக்கமிருந்து வந்தது, வண்டிக்காரர் சொல்வதில் எது கதை என்று சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வண்டி கொண்டுவரவில்லை, கதைகளை மட்டும் கொண்டுவந்தார்கள். அதே வீட்டின் கீழ்த்தளத்தில் அவருடைய கொழுந்தன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். நாற்பது வயது. மாடிப்படியில் புதிய செருப்புச் சத்தம் கேட்டால் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே ஏறிவிடுவான். இன்றும் ஏறி வந்து, கதவோரம் நின்றிருந்தான்.

"என் வீட்டுக்காரர் செஞ்ச பறவை ஒண்ணு தோட்டத்துல நிக்குது" என்று தொடங்கினார் அந்த அம்மாள். "இரும்புப் பறவை. என் உசரம் இருக்கும். நீர்க்காகம்."

கொழுந்தன் சிரித்துவிட்டான்.

"சிரிங்க தம்பி. எல்லாரும் சிரிச்சாங்க. மயில் செய்யலாம், அன்னம் செய்யலாம், போயும் போயும் நீர்க்காகமான்னு நானே கேட்டேன். 'அதுக்கு மட்டும்தான் அந்தப் பழக்கம் உண்டு'ன்னார். என்ன பழக்கம்னு சொல்லல. எதையும் செஞ்சு காட்டுவாரே தவிர சொல்ல மாட்டார்."

"அவருக்கு என்ன வேலை?" என்று அண்ணி கேட்டார்.

"ரிப்பேர் கடை. இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், பேக்கரி அடுப்பு. இந்தப் பறவையை மட்டும் ரெண்டு வருஷமா ஒளிச்சு ஒளிச்சுச் செஞ்சார். கொண்டு வந்து தோட்டத்துல நிறுத்தினது நல்ல மழைக்காலம். தினமும் எழுந்ததும் வானத்தைப் பாத்து, 'இன்னைக்கும் மூட்டமா'ன்னு முணுமுணுப்பார். மழை விடறதுக்குள்ள நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துட்டார். அப்ப பையன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தான்."

அதன்பிறகு பறவை நின்றது நின்றபடியே இருந்தது. மெல்லத் துருவேறியது. இந்த வருடம் ஒரு கால் விரல் உதிர்ந்து கீழே கிடந்தபோதுதான் அந்த அம்மாள் பதறிப்போய், தெருமுனை டிங்கரிங் பட்டறையில் கொடுத்திருக்கிறார். கணவர் முதலில் என்ன வண்ணம் அடித்திருந்தாரோ அதையே அடியுங்கள் என்று சொல்லிவிட்டார். பறவை கருகருவென்று திரும்பி வந்தது.

"வந்து மூணாம் நாள் மத்தியானம் துணி எடுக்கப் போறேன். பறவை இறக்கையை விரிச்சுக்கிட்டு நிக்குது."

கொழுந்தன் கதவோரத்தை விட்டு முன்னால் வந்தான். "காத்துல ஆடியிருக்குமோ?"

"இரும்பு தம்பி. சின்னப்பிள்ளைங்க தொங்கினாலும் அசையாது. சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு மகன் வந்தான். இழுத்துட்டுப் போய்க் காட்டினேன். பறவை சமத்தா மடக்கிக்கிட்டு நிக்குது."

மறுநாளும் அப்படியே. மதியம் விரிந்தது, மாலையில் மூடியிருந்தது. மகன் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து அம்மாவோடு தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

"அன்னைக்குப் பாத்து அது அசையவே இல்ல. நான் என்ன செய்யறதுன்னு தெரியாம கொடியில இருந்த துணியை எடுக்கறதும், ஈரம் போகலையேன்னு மறுபடி போடறதுமா இருந்தேன். அவன் பறவையைப் பாக்கறதை விட்டுட்டு என்னைப் பாக்க ஆரம்பிச்சுட்டான்."

"போன்ல ஒரு படம் எடுத்தீங்களா?" என்றான் கொழுந்தன்.

"என்னோடது பட்டன் போன்."

அவர் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை என்னை ஒரு முதியோர் இல்லத்துல விடப் போறான். கெட்ட இடமில்ல. டாக்டர் இருக்காங்க, மணியடிச்சா சாப்பாடு. அவனும் பாசத்துலதான் செய்யறான், அதைச் சொல்லணும். ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்தேன், அது நிஜம். ஆனா இதுவும் நிஜம்மா. இது நிஜம்னா நான் என் வீட்டுலயே இருப்பேன். இல்லைன்னா, அவன் இழுக்க வேண்டாம், நானே பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடறேன். ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க."

அண்ணி, "தோட்டத்துல எந்நேரமும் வெயில் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"எங்கே! ரெண்டு பக்கமும் அடுக்குமாடி. நடு மத்தியானம் கொஞ்ச நேரம் எட்டிப் பாக்கும். அதான் ஒரு ரோஜாகூட வர மாட்டேங்குது."

அந்த அம்மாள் போனதும் கொழுந்தன் பொறுக்கமாட்டாமல் சொன்னான்: "மகன்தான் அண்ணி. வீட்டை விக்கணும். அம்மாவைப் பைத்தியமாக்கறான். மத்தியானம் சுவரேறிக் குதிச்சு இறக்கையை வளைச்சு வச்சுட்டு..."

"தம்பி."

"என்னண்ணி?"

"மூச்சு விடுங்க. முதல்ல பெயின்ட் அடிச்சவங்களைப் பாக்கலாம்."

*

பட்டறை தகரக் கொட்டகை. தின்னர் வாசனை கண்ணைக் கரித்தது. முன்பக்கம் இல்லாத ஒரு வேன், சக்கரம் இல்லாத ஒரு கார், அவற்றுக்கு நடுவே மாமனும் மச்சினனும். மாமன் பெரியவர், தலையில் துண்டு கட்டியிருந்தார். மச்சினன் அவருடைய மனைவியின் தம்பி, முப்பதைத் தாண்டியவன், முகமெல்லாம் பெயின்ட் தூசி. இரண்டு பேரும் அண்ணியை அடையாளம் கண்டு எழுந்து நின்றார்கள். அவர் எத்தனையோ வண்டிகளைப் பார்வையிட இங்கே வந்திருக்கிறார்.

"நீர்க்காகம்" என்றார் அண்ணி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றார்கள். கொழுந்தன் அதைக் கவனித்து, அண்ணியின் முழங்கையைத் தொட்டான்.

"அதுல என்னம்மா, ஒரு குறையும் வைக்கலையே" என்றார் மாமன். "கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, உப்புத்தாள் போட்டு, துருவுக்கு ஆசிட் தடவி, கழுவித் துடைச்சு... புது விரல் வச்சு வெல்டிங் பண்ணோம். மேல பூரா சில்வர் பெயின்ட், கோட்டு மேல கோட்டு. சுரண்டச் சுரண்ட வந்துகிட்டே இருந்துச்சு. அத்தனைக்கும் அடியில கறுப்பு. சரி, இதுதான் ஒரிஜினல்னு கறுப்பே அடிச்சோம்."

"எப்படிக் காயவச்சீங்க?"

"காருக்குப் பண்ற மாதிரிதான். லைட் போட்டு."

கொட்டகையின் மூலையில் நாலு பெரிய சூட்டு விளக்குகள் சட்டத்தில் வரிசையாக நின்றன.

அண்ணி மாமனை வேனுக்குப் பின்னால் தனியாகக் கூட்டிப்போனார். கொழுந்தன் வேனின் சக்கரத்தை ஆராய்வதுபோல் குனிந்து நின்றுகொண்டான்.

"சொல்லிடுங்க" என்றார் அண்ணி. "யாருக்கும் வேட்டு வைக்க மாட்டேன்."

மாமன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "மாப்ள நல்ல பையன்மா. கைதான் கொஞ்சம் அவசரம். கடைசிக் கோட் அடிச்சு லைட்டைப் போட்டுட்டு நான் வெளிய போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா இறக்கை கோணிக்கிட்டு வெளிய வந்திருக்கு. தூக்கி நகத்தும்போது கீழ போட்டுட்டான்னு நெனச்சேன். லைட்டை அணைச்சுட்டு அவனைத் தேடிப் போனா, ஆளைக் காணோம். டீ குடிச்சுட்டு வந்து பாக்கறேன், எல்லாம் சரியா இருக்கு. அதுக்குள்ள வந்து நிமித்தி வச்சுட்டான் போலன்னு விட்டுட்டேன். கேட்டா அவன் மனசு கஷ்டப்படும். அவங்கக்கா வேற என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா."

மச்சினன் தனியாகச் சிக்கியபோது அவனுடைய கதை வேறாக இருந்தது. "மாமாகிட்ட சொல்லிடாதீங்க மேடம். மறுநாள் காலைல பாத்தேன், இறகு ஒவ்வொண்ணோட வேர்லயும் பெயின்ட் முடி மாதிரி விரிசல் விட்டிருந்துச்சு. மாமாவுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல. எங்கேயோ இடிச்சிருக்கார். வெளிய தெரிஞ்சா பட்டறைப் பேரு என்னாகறது? நானே சின்ன பிரஷ்ல டச் பண்ணிட்டேன்."

வெளியே வந்ததும் கொழுந்தன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "ரெண்டு பேருமே திருட்டு முழி முழிக்கறாங்க அண்ணி. ஒருத்தன் சொல்றது ஒருத்தனுக்குத் தெரியல."

"ஆமாம்" என்றார் அண்ணி. "ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறதாத்தான் ரெண்டு பேரும் நெனச்சிட்டிருக்காங்க."

*

அவர்கள் தோட்டத்துக்குப் போனபோது மணி நாலரை. இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே அந்தச் சிறிய வீடு பல்லுக்கு நடுவே சிக்கிய துரும்புபோல் இருந்தது. பின்பக்கம் ஒரு துண்டு நிலம். வெயில் எப்போதோ எதிர்ச் சுவரில் ஏறிப்போயிருந்தது. துணிக்கொடி, ஒரு குழாய், குட்டைச் செடிகள், நடுவில் சிமென்ட் மேடையில் நீர்க்காகம்.

கொழுந்தன் இரண்டு நகைச்சுவைகளைத் தயாராக வைத்திருந்தான். பறவையைப் பார்த்ததும் இரண்டையும் மறந்தான்.

நீண்ட கழுத்து வளைந்து மேலே போய், அலகு வானத்தைப் பார்த்து நின்றது. தண்ணீரிலிருந்து அப்போதுதான் ஏறி வந்ததுபோல் தோள்கள் சரிந்திருந்தன. இறகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, உடம்போடு ஒட்டிப் படிந்திருந்தன. ஒவ்வொன்றும் தனித் தகடு. ஒவ்வொன்றின் விளிம்பும் அரம் போட்டு மெலிதாக்கப்பட்டிருந்தது. இரண்டு இறகுகளுக்கு நடுவே ஒரு தாளை நுழைக்கலாம், அவ்வளவு சீரான இடைவெளி. இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் செய்த ஒரு மனிதர் இதை வீட்டுக்குத் தெரியாமல் செய்தார் என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

அண்ணி முதலில் தரையைப் பார்த்தார். மேடையைச் சுற்றி நீர் பாய்ந்த ஈர மண். அந்த அம்மாளின் செருப்புத் தடம் தவிர வேறு தடம் இல்லை. ஏணி வைத்த குழி இல்லை. அடுத்து இறகின் வேரில் கண்ணை வைத்துப் பார்த்தார். மச்சினன் பூசிய இடத்திலேயே பெயின்ட் மறுபடியும் முடிபோல் விரிசல் விட்டிருந்தது. விரிசலின் உள்பக்கத்தில் மஞ்சளாக ஏதோ மின்னியது.

"தங்கமா அண்ணி?" கொழுந்தன் குனிந்து பார்த்தான்.

"பித்தளை."

கைப்பையிலிருந்து பொத்தான் அளவு காந்தம் ஒன்றை எடுத்தார். நூலில் கட்டியிருந்தது. நசுங்கலைப் பட்டி என்கிற பசை பூசி மறைத்த வண்டிகளை அதை வைத்துத்தான் பிடிப்பார்: தகரத்தில் ஒட்டும், பட்டியில் நழுவும். ஒரு இறகின் வெளிப்பக்கம் வைத்தார். டக்கென்று ஒட்டியது. அதே இறகின் உள்பக்கம், உடம்பை ஒட்டிய பக்கம், நுனி உடம்பைத் தாண்டி நீண்ட இடத்தில் அடியிலிருந்து வைத்தார். ஒட்டுவதா வேண்டாமா என்று தயங்கி, நழுவித் தொங்கியது. அடுத்த இறகிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

"பட்டி!" என்றான் கொழுந்தன். "இரும்பை உருவிட்டு உள்ள பூரா பட்டி வச்சு..."

"எல்லா இறகுலயும், உள்பக்கம் மட்டும், ஒரே கனத்துக்கா? அவ்வளவு நேர்த்தியான திருடன் கிடைச்சா நானே கூட வச்சுக்குவேன் தம்பி."

மகன் அப்போதுதான் வந்தான். ஒரு கையில் மடிக்கணினிப் பை, மறு கையில் அம்மாவுக்கு மாத்திரை. களைத்த முகம். விவரம் கேட்டதும் கோபப்படவில்லை, உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா உங்ககிட்டயும் வந்துட்டாங்களா மேடம்? நான் என்ன செய்யட்டும்? பக்கத்துல உக்காந்து நாள் பூரா பாத்தேன். இது என்ன இன்னைக்கு நேத்துப் பறவையா? சின்ன வயசுலேர்ந்து தெரியும். அப்பா தவறின வாரமே, ஆளுங்கல்லாம் வராங்க, பளபளன்னு இருக்கட்டும்னு நான்தான் சில்வர் பெயின்ட் வாங்கி அடிச்சேன். அதுக்கப்புறம் வருஷா வருஷம் அவர் நினைவு நாளுக்கு ஒரு கோட். கல்யாணமாகி வேற வீடு போற வரைக்கும் ஒரு தடவைகூட விட்டதில்ல. எனக்குத் தெரியாதா இது அசையுமா அசையாதான்னு?"

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வந்து, கேட்காமல் காந்தத்தைப் பைக்குள் போட்டார்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

"பத்து மணிக்கு."

"பன்னிரண்டு ஆக்கிக்குங்களேன். பட்டறைக்காரங்களையும் வரச் சொல்றேன்."

*

வெள்ளிக்கிழமை முழுவதும் வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. கொழுந்தன் மூன்று முறை மாடிக்கு வந்து போனான். அவனிடம் மூன்று ஊகங்கள் இருந்தன, கடைசியில் வந்ததில் அடுக்குமாடியிலிருந்து தூண்டில் போட்டு இறக்கையை இழுக்கும் ஒரு ஆள் இருந்தான். அண்ணி மூன்றையும் பொறுமையாகக் கேட்டார்.

சனிக்கிழமை காலை அவன் ஏறி வந்தபோது அவர் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கும் மூட்டமா" என்று முணுமுணுத்தார்.

சொல்லி முடித்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாகத் திரும்பினார். அவருடைய முகத்தில் கொழுந்தன் அதுவரை பார்த்திராத ஏதோ ஒன்று இருந்தது. பயம்போல இருந்தது, சந்தோஷம்போலவும் இருந்தது.

"தம்பி, அவரும் இதேதான் சொல்லியிருக்கார். இதே காரணத்துக்காக."

"யாரு? எந்தக் காரணம்?"

"மேகம் கலைஞ்சா சொல்றேன். கலையலைன்னா நான் சொல்லியும் பிரயோஜனமில்ல. யாரும் நம்ப மாட்டாங்க."

பதினோரு மணி வாக்கில் மேகம் கிழிந்தது.

*

காரின் பின்னிருக்கையில் அந்த அம்மாளின் பெட்டி ஏறியிருந்தது. அவர் வெளியே போகிற புடவையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன். மாமனும் மச்சினனும் தண்டனை கிடைக்கப்போகும் மாணவர்கள்போல் குழாயடியில் ஒதுங்கி நின்றார்கள். நீர்க்காகம் அடுக்குமாடியின் நிழலில் இருந்தது. நிழலின் ஓரம் துணிக்கொடியைத் தாண்டி மேடையை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"யாரும் யாரையும் ஏமாத்தல" என்று அண்ணி ஆரம்பித்தார். "அதை முதல்ல சொல்லிடறேன். அக்கா பாத்ததும் நிஜம், அவங்க மகன் நீங்க பாத்ததும் நிஜம். நீங்க வந்ததெல்லாம் சாயங்காலம். லீவு போட்டு உக்காந்த அன்னைக்கு அம்மா என்ன செஞ்சாங்க?"

"துணியை எடுத்துட்டு எடுத்துட்டுப் போட்டாங்க. அதான் எனக்குப் பயமே வந்தது."

"ஏன் போட்டாங்க? காயல. நாள் பூரா மூட்டம். பட்டறைக்காரரே, இறக்கை கோணியிருந்தப்ப லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதும்மா."

"இறக்கை சரியா இருந்தப்ப?"

"நான்தான் அணைச்சுட்டுப் போயிருந்தேனே..." மாமன் நிறுத்தினார். மச்சினனைப் பார்த்தார். "அப்ப நீ நிமித்தலையா?"

"நான் எதை நிமித்தறது? நீங்க இடிச்சுட்டு வந்தீங்கன்னு நான்..."

"நானா? எனக்கென்னடா கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அப்புறம் அடிச்சுக்கலாம்" என்றார் அண்ணி. "ஈர மண்ணுல தடம் இல்ல. ஏணி வைக்கல. ஆனா இறகு ஒவ்வொண்ணோட வேர்லயும் பெயின்ட் விரிசல் விட்டிருக்கு, பூசின இடத்துலயே மறுபடியும் விட்டிருக்கு. வெளிய இருந்து ஒருத்தர் இழுத்தா ஒரு இறகு வளையும், ரெண்டு வளையும். எல்லாம் ஒரே மாதிரி வளையணும்னா அது உள்ளேர்ந்துதான் வரணும்." அவர் மகன் பக்கம் திரும்பினார். "இஸ்திரிப் பெட்டி சூடு ஏறினா தானா அணையுதே, எப்படின்னு அப்பா காட்டியிருக்காரா?"

மகன் நெற்றியைச் சுருக்கினான். "உள்ள ஒரு சின்னத் தகடு இருக்கும். ரெண்டு உலோகம், ஒட்டினாப்ல. சூடு பட்டா ஒண்ணு அதிகமா நீளும், ஒண்ணு கம்மியா. பிரிய முடியாது. அதனால வளையும். ஆறினா நிமிர்ந்துக்கும்..."

அவன் பறவையைத் திரும்பிப் பார்த்தான்.

"வெளிப்பக்கம் இரும்பு" என்றார் அண்ணி. "உள்பக்கம் பித்தளை. ஒவ்வொரு இறகும் அப்படித்தான். தோள்ல இருக்கற நீளத் தகடும் அப்படித்தான். கறுப்பு அடிச்சது ஏன்னா, கறுப்புதான் வெயிலை இழுக்கும். இனி நீர்க்காகம் ஏன்னு கேளுங்க. தண்ணியில முங்கி எழுந்து வந்து, இறக்கையை விரிச்சுக்கிட்டு வெயில்ல நின்னு காயவைக்கற பழக்கம்—"

அவர் பேச்சை நிறுத்தினார். நிழலின் ஓரம் மேடையில் ஏறியிருந்தது.

வெயில் முதலில் அலகைத் தொட்டது. பிறகு கழுத்தில் இறங்கியது. பிறகு தோள். பிறகு முதுகு முழுவதும் கறுப்புப் பெயின்ட் பளீரென்றது.

ஒன்றும் நடக்கவில்லை.

மகன் தரையைப் பார்த்தான். அந்த அம்மாள் கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டார். கொழுந்தன் மனதுக்குள் நகரு, நகரு என்று சொல்லிக்கொண்டிருந்தான். எங்கோ மேல்மாடியில் யாரோ குக்கரை இறக்கினார்கள்.

டிக்.

மிகச் சின்னச் சத்தம். கடைசி இறகு உடம்பிலிருந்து ஒரு நூல் விலகியிருந்தது. அடுத்து இன்னொன்று. டிக், டிக் என்று தோள்வரை அது ஏறிப் போயிற்று, கூரையில் மழை தொடங்குவதுபோல. கொழுந்தன் கண் கொட்டாமல் பார்த்தான். ஆனாலும் அசைவதை அவனால் பார்க்க முடியவில்லை. அசைந்துவிட்டதை மட்டுமே பார்க்க முடிந்தது. ஒரு இறகைப் பார்த்துவிட்டு மறு இறகுக்கு வருவதற்குள் முதல் இறகு வேறிடத்தில் இருந்தது. தோள்கள் அகன்றன. இறக்கைகள் உடம்பை விட்டு, காற்றை விலக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் திறந்தன. இறகுகளுக்கு நடுவே வெயில் புகுந்து தரையில் கோடு கோடாக விழுந்தது. உள்பக்கத்தில், பெயின்ட் விரிசல் விட்ட இடங்களில் எல்லாம், பித்தளை ஒளிர்ந்தது.

நீர்க்காகம் இரண்டு இறக்கைகளையும் முழுதாக விரித்து, அலகைத் தூக்கி, சூரியனைப் பார்த்து நின்றது.

மாமன் தலைத்துண்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மச்சினன் வாய் திறந்தபடி இருந்தான். செத்துப்போன ஒரு மனிதர் இத்தனை வருடம் கழித்து எழுந்து கை விரித்ததுபோல் இருந்தது கொழுந்தனுக்கு. அண்ணியைப் பார்த்தான். அவர் கண்டுபிடித்தவர்போல நிற்கவில்லை. காட்ட வந்த இடத்தில் தானும் முதல்முறையாகப் பார்க்கிறவர்போல நின்றார்.

அந்த அம்மாள் அழவில்லை. "பெரிய ஆளுதான்" என்றார் மெதுவாக, பறவையிடம். "ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

மகன் எழுந்தான். கார்வரை நடந்து போனான். பின்னிருக்கையிலிருந்து பெட்டியை எடுத்தான். அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"மேடம்" என்றான் பிறகு. "அப்பா இதை நிறுத்தினதும் மழைக்காலம், சரி. அதுக்கப்புறம் எத்தனை கோடை வந்தாச்சு. ஒரு தடவைகூட ஏன் விரியல?"

"துரு" என்றார் அண்ணி.

கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். அண்ணி எதற்கும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னதில்லை. எதையும் பாதியில் விட்டதும் இல்லை. அவர் அவன் பார்வையைத் தவிர்த்து, கைப்பையை மூடித் திறந்து மூடினார்.

"துருவா?" என்றார் மாமன் குழாயடியிலிருந்து. பறவையைப் பார்த்த பரவசத்தில் அவருக்கு நாக்கு அவிழ்ந்திருந்தது. "துரு என்னம்மா துரு, அது மேலாக்கத்தான் இருந்துச்சு. அந்த சில்வர்தான் மேட்டரே. இறகுக்கும் இறகுக்கும் நடுவுல பசை மாதிரி இறங்கி, மொத்தத்தையும் ஒரே கட்டியா ஒட்டிப் போட்டிருந்துச்சு. அதுலயும் அடியில இருந்த முதல் கோட் இருக்கே, யாரு அடிச்சாங்களோ, டப்பாவோட கவுத்த மாதிரி..."

மச்சினன் அவர் காலை மிதித்தான். மாமன் நிறுத்தினார். ஏன் மிதித்தான் என்று புரியாமல் சுற்றிப் பார்த்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்த பிறகு புரிந்தது. துண்டை எடுத்து மறுபடி தலையில் கட்டிக்கொண்டார்.

டிக், டிக் என்று இரும்பு இன்னும் சூடேறிக்கொண்டிருந்தது.

மகன் பறவையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, நான் அந்த முதல் கோட் அடிச்சேனே… அதுக்கு அடுத்த நாள் வெயில் வந்துச்சா?"